பதினேழாவது தோல்வி

குருவுக்கு வயது இருபத்தெட்டு. சீடருக்கு நாற்பத்தாறு.

குரு சீடரை "அண்ணா" என்று கூப்பிடுவார். சீடர் குருவை "குருவே" என்று கூப்பிடுவார். பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு இது கேலி மாதிரி இருக்கும். அவர்கள் இருவருக்கும் அது கேலி இல்லை.

குருவின் பெயர் கோகிலவாணி. திருப்பூரில் ஒரு பிரிண்டிங் பட்டறையின் மாடியில் உட்கார்ந்து, பனியன் கம்பெனிகளின் பின்னல் மெஷின்களுக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் போர்டுகளைச் சரிசெய்து கொடுப்பவர். சீடரின் பெயர் சென்னியப்பன். காங்கேயத்தில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர்.

இந்த இரண்டு பேரையும் சேர்த்து வைத்தது ஒரு குழு. அதன் பெயர் "கழட்டிப்பார்". அது இருப்பது செல்போனுக்குள்தான். அறுநூறு பேர். பூட்டிய இயந்திரம் ஒன்றைப் பார்த்தால் கை சும்மா இருக்காதவர்கள். இவர்களுக்கு ஹேக்கர் என்று பெயர். டிவியில் அந்தப் பெயரைத் திருடனுக்கு வைத்திருக்கிறார்கள். இவர்கள் திறப்பதெல்லாம், விற்ற கம்பெனியே கைகழுவிவிட்ட இயந்திரங்களை.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. ஒன்றைத் திறந்தவர், எப்படித் திறந்தேன் என்று எழுதுவதற்கு முன்னால், எப்படியெல்லாம் திறக்க முடியவில்லை என்று எழுத வேண்டும். எண் போட்டு எழுத வேண்டும். தோற்ற வழிகள் மேலே, ஜெயித்த வழி கீழே. ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடர்ந்தால், முன்னவருடைய தோல்விகளையும் அவர் பெயரோடு சேர்த்துப் போட வேண்டும். இதை யார் ஏற்படுத்தியது என்று யாருக்கும் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. முதல் விஷயத்தை யாரிடம் கற்றாயோ அவர்தான் உன் குரு. வயது கணக்கில் வராது.

மூன்று வருடத்துக்கு முன்னால் சென்னியப்பன் ஒரு போர்டின் படத்தைப் போட்டு, "இது ஏன் எரிஞ்சுது?" என்று கேட்டிருந்தார். கோகிலவாணி, "எரிஞ்சது அது இல்லீங்கண்ணா, பக்கத்துல இருக்கறது" என்று பதில் போட்டார். பக்கத்தில் இருந்ததை மாற்றியதும் போர்டு ஓடியது. அன்றிலிருந்து சனிக்கிழமை தோறும் சென்னியப்பன் கடையைப் பூட்டிவிட்டுத் திருப்பூருக்கு பஸ் ஏறினார்.

ஒரு சனிக்கிழமை அவர் மாடிப்படி ஏறி வந்தபோது கையில் ஒரு பெட்டி இருந்தது.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் பெயர் போன் ஸ்டார்ட்டர். தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பார்கள். உள்ளே ஒரு சிம் இருக்கும். வீட்டில் இருந்தபடியே அதற்குப் போன் போட்டால் மோட்டார் ஓடும். மோட்டாருக்கு வேண்டிய த்ரீ ஃபேஸ் கரண்ட் எந்த நேரத்தில் வந்தாலும் கிணற்றுக்கு நடக்க வேண்டியதில்லை. ஒரு நாள் அதை விற்ற கம்பெனி மூடிவிட்டுப் போனது. ஒவ்வொரு முறை போன் போட்டபோதும் அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர் ஒன்று எங்கேயோ இருந்து "சரி" சொல்லிக்கொண்டிருந்தது என்பது, அது நின்ற அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. ஆயிரக்கணக்கான பெட்டிகள் ஒரே காலையில் ஊமையாகிவிட்டன.

பெட்டிக்குள் புது ப்ரோகிராம் எழுதினால் அது யாரிடமும் "சரி" கேட்காமல் ஓடும். ஆனால் உள்ளே இருந்த சிப்பில் பூட்டு. குழுவில் பதினான்கு பேர் மோதிப் பார்த்தார்கள். பதினான்கு பேரும் தோற்று, தோற்றதை எழுதி வைத்தார்கள்.

சென்னியப்பன் பெட்டியை மேசைமேல் வைத்தார். ஒரு குண்டு பல்பை அதோடு இணைத்தார். தன் போனை எடுத்து அழைத்தார். பெட்டிக்குள் டக்கென்று ஒரு சத்தம். பல்பு எரிந்தது.

குரு சால்டரிங் அயர்னைக் கீழே வைத்தார். "இன்னொருக்கா" என்றார்.

இன்னொரு முறை எரிந்தது.

"எத்தன நாளுங்கண்ணா?"

"நாப்பது நாளுங்க குருவே."

"எங்க பிடிச்சீங்க?"

"கரண்ட் வந்த உடனே நாலு மில்லி செகண்ட். பூட்டு எந்திரிச்சு வர்றதுக்கு அவ்வளவு நேரம் ஆகுதுங்க. அதுக்குள்ள ஒத்த ஒயரை வெச்சு சிப்போட இந்தக் காலைத் தொட்டுரோணும்."

குரு அந்தக் காலைப் பார்த்தார். பிறகு சென்னியப்பனுடைய கையைப் பார்த்தார். காயில் கட்டிக் கட்டித் தடித்த விரல்கள்.

"உள்ள எழுதின ப்ரோகிராம்?"

"குழுவுல கெடந்ததுங்க. யாரோ தேனிக்காரர் போட்டது."

"ம்."

சென்னியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இதை மட்டும் குழுவுல போட மாட்டனுங்க."

"சரிங்கண்ணா."

அவருக்கு ஏமாற்றமாகிவிட்டது. குரு மறுப்பார், தான் பதில் சொல்லலாம் என்று பஸ் முழுக்க யோசித்துக்கொண்டு வந்திருந்தார்.

"ஏன்னு கேக்க மாட்டீங்களா?"

"ஏனுங்க?"

"இருவத்திரண்டு வருசமா எரிஞ்ச காயிலைக் கட்டறேன். ஒருத்தரும் பேரு கேட்டதில்லீங்க. காயில் கடைக்காரர், அவ்வளவுதான். இப்பத் தாராபுரத்துல இருந்து பெட்டியைத் தூக்கிக்கிட்டு, சென்னியப்பன் கடை எதுன்னு கேட்டு வர்றாங்க. இதைக் குழுவுல போட்டா நாளைக்கே ஆளாளுக்குத் திறப்பாங்க. அப்பறம் நான் மறுபடியும் காயில் கடைக்காரர்."

"நியாயந்தானுங்க."

"நீங்க இத்தனை வருசமாப் போடறீங்களே குருவே. எல்லாத்தையும் எடுத்து ஊருக்கே வெக்கறீங்க. போடறவங்களுக்கு என்னதான் கெடைக்குது?"

குரு பல்பைக் கழற்றி அவரிடம் கொடுத்தார். சூடாக இருந்தது. சென்னியப்பன் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த பெட்டிக்காரர் வந்தா, எப்படித் திறந்தீங்கன்னு அவர்கிட்ட விவரமாச் சொல்லுங்க. சொல்லிட்டு வாங்க. அப்பறம் பேசலாம்."

*

அடுத்து வந்தவர் நாச்சிமுத்து. அறுபது வயது, இரண்டு கிணறு, இரண்டு பெட்டி. முதல் பெட்டி இடி விழுந்து வீணாய்ப் போனதாக ஒரு மாதத்துக்கு முன்பே சென்னியப்பன் அவரிடம் சொல்லியிருந்தார். இது இரண்டாவது பெட்டி.

சென்னியப்பன் அவரை உட்கார வைத்து, அவர் கண் முன்னாலேயே பெட்டியைத் திறந்தார்.

"பாருங்க மாமா. கரண்ட் வந்ததும் நாலு மில்லி செகண்ட். அதுக்குள்ள பூட்டு விழாது."

"அப்படியா."

"ஒரு செகண்டை ஆயிரமாப் பங்கு போட்டா, அதுல நாலு பங்குங்க."

"ம்."

"அந்த நேரத்துல இந்தக் கால்ல ஒயரை வெச்சுத் தொட்டம்னா..."

"சென்னியப்பா."

"சொல்லுங்க மாமா."

"மோட்டார் ஓடுமா, ஓடாதா?"

"ஓடுமுங்க."

"அப்பறம் என்னத்துக்கு என்னை உக்கார வெச்சுக் கதை சொல்றே? மாட்டுக்குத் தண்ணி காட்டோணும்."

பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

*

சனிக்கிழமை சென்னியப்பன் நடந்ததைச் சொன்னார். குரு சத்தம் வராமல் வெகுநேரம் சிரித்தார். பிறகு தன் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினார். குழுவில் அந்தப் பெட்டியோடு மோதித் தோற்ற பதினான்கு பேரும் எழுதியது வரிசையாக இருந்தது.

"இவங்கெல்லாம் யாருங்கண்ணா?"

"தோத்தவங்க."

"நாலு மில்லி செகண்டுன்னு இவங்ககிட்டச் சொன்னா?"

சென்னியப்பன் திரைக்குக் கிட்டே குனிந்தார். திரையில் ஒவ்வொரு பெயராகப் படித்தார். ஒருவர் மூன்று மில்லி செகண்ட் வரைக்கும் வந்துவிட்டு, அங்கே ஒன்றும் இல்லை என்று திரும்பிப் போயிருந்தார்.

"அடப்பாவி" என்றார், அன்பாக. "இன்னொரு மில்லி செகண்ட் நின்னிருந்தா இவரு பிடிச்சிருப்பாருங்க."

"அவர் படிச்சா என்னாகும்?"

சென்னியப்பனால் உட்கார முடியவில்லை. அன்றைக்கு வழக்கமான பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டார். காங்கேயம் போய்ச் சேருவதற்குள் எழுதி முடித்துப் போட்டுவிட்டார்.

ஒன்பது படிகள். சுத்தமாக, படத்தோடு. நான்காவது படி இது: "உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியைச் சூடு வைத்து எடுத்துவிடவும்." மேலே, தோற்ற வழிகள் என்ற தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு சொல் இருந்தது. "சில."

அந்த வாரம் முழுக்க அவருடைய போன் ஓயவில்லை. மூன்று மில்லி செகண்டில் திரும்பிப் போனவர், "அண்ணே, உங்க கையைக் காட்டுங்க, கும்பிட்டுக்கறேன்" என்று எழுதியிருந்தார். தேனிக்காரர், தன் ப்ரோகிராம் இத்தனை கிணற்றில் ஓடும் என்று நினைக்கவே இல்லை என்று எழுதியிருந்தார். ஒருவர் மட்டும், "தோல்வி எங்கண்ணே?" என்று கேட்டார். "பெருசா ஒண்ணுமில்லீங்க" என்று சென்னியப்பன் பதில் போட்டார்.

சோறு வைத்துக்கொண்டே அவர் மனைவி கேட்டார். "போனைப் பார்த்துத் தனியாச் சிரிக்கறீங்களே, என்ன?"

"என்னை ஹேக்கர்ங்கறாங்க."

"அது திருடனில்ல?"

"இல்ல. பெரிய படிப்பு."

"நீங்க ஒம்பதாவதுதானே" என்றார் மனைவி. அதற்கும் சிரித்தார் சென்னியப்பன்.

குரு மட்டும் குழுவில் ஒன்றும் எழுதவில்லை.

*

ஆறாவது நாள் காலையில் ஒரு செய்தி வந்தது.

"அண்ணாச்சி, நான் ஜெபக்கனி. சாத்தான்குளம் பக்கம். பாலிடெக்னிக் மூணாம் வருசம் படிக்கேன். உங்க நாலாவது படி எதுக்குன்னு எனக்கு விளங்கல. பேட்டரியை எடுக்காமலே செஞ்சு பாத்தேன். பெட்டி செத்துட்டு. எங்க அப்பா வாழைத் தோட்டத்துல இருந்தது அந்த ஒரு பெட்டிதான். அப்பாவுக்கு முழங்கால் சரியில்ல. கிணத்துக்கு ரெண்டு கிலோமீட்டர் நடக்கணும். தப்பு என்மேலதான். நாலாவது படி எதுக்குன்னு மட்டும் சொல்லுங்க."

காரணம் எழுதாத படியைப் பார்த்தால், அது இல்லாமல் முடியுமா என்று ஒரு ஹேக்கர் கட்டாயம் செய்து பார்ப்பார். சென்னியப்பனே அப்படித்தான் செய்திருப்பார். அது அவருக்கும் தெரியும்.

போனைக் கவிழ்த்து வைத்தார். ஒரு காயிலை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார். சுற்று விட்டுப் போனது. பிரித்தார். மறுபடி சுற்றினார். மறுபடியும் விட்டுப் போனது. கடையைப் பூட்டிவிட்டுத் திருப்பூருக்கு பஸ் ஏறினார்.

அன்று வியாழக்கிழமை. படியேறி வந்தவரைப் பார்த்து, குரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"அந்தப் பெட்டி சாகும்னு எனக்குத் தெரியுமுங்க குருவே."

"எப்படிங்கண்ணா?"

"பேட்டரி இருந்தா அது முழிச்சிருக்குதுங்க. பூட்டை ஒருத்தன் தொடறான்னு தெரிஞ்சதும், உள்ள இருக்கறது அத்தனையும் தானே அழிச்சுக்குது. பதினேழாவது தடவை நானே ஒரு பெட்டியை அப்படிக் கொன்னேன்."

"யாரோடது?"

"நாச்சிமுத்து மாமாவோடது. மொதல் பெட்டி."

"அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"இடி விழுந்துருச்சுன்னு."

கீழே பட்டறையில் யாரோ துணி அச்சடிக்கும் சத்தம் கேட்டது. சட், சட் என்று.

குரு மேசைக்கு அடியில் கையை விட்டு ஓர் அட்டைப்பெட்டியை இழுத்தார். மூன்று வருடமாகச் சென்னியப்பன் அதைக் குப்பை என்று நினைத்திருந்தார். உள்ளே போர்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு, சீட்டில் ஓர் எண். அறுபத்து மூன்று வரைக்கும் இருந்தது. குரு இருபத்தாறை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது கீழ இருக்கற பட்டறைக்காரரோட மெஷின் போர்டு. நான் கொன்னது."

"அவருகிட்ட என்ன சொன்னீங்க?"

"கொன்னுட்டன்னு சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"ஒரு மாசம் பேசல."

"அப்பறம்?"

"இப்பவும் அவ்வளவாப் பேசறதில்லீங்க."

சென்னியப்பன் இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

"முப்பத்தெட்டுத் தடவை தோத்தேனுங்க" என்றார். "ஒம்பதாம் வகுப்புப் படிச்சவன் செய்யற தப்புத்தான் பாதி. ஒருக்கா ஒயரையே தலைகீழா மாட்டிட்டு ரெண்டு நாள் சிப்பைத் திட்டிக்கிட்டிருந்தேன். அதையெல்லாம் எழுதினா நான் யாருன்னு அறுநூறு பேருக்கும் தெரிஞ்சுரும்."

"இப்ப யாருன்னு தெரியுதுங்களா அவங்களுக்கு?"

சென்னியப்பன் இருபத்தாறாம் எண் போர்டைத் திரும்ப அட்டைப்பெட்டியில் வைத்தார். பார்த்து, இருபத்தைந்துக்கும் இருபத்தேழுக்கும் நடுவில் வைத்தார். கிளம்பிவிட்டார்.

*

முதலில் நாச்சிமுத்துவின் தோட்டத்துக்குப் போனார். அவர் தீவனச் சோளம் அறுத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, உங்க மொதல் பெட்டிக்கு இடி விழலீங்க. நாந்தான் கெடுத்துட்டேன்."

நாச்சிமுத்து அரிவாளை நிறுத்தவில்லை.

"தெரியும்."

"எப்படிங்க மாமா?"

"அந்த மாசம் எங்கப்பா மழை பேஞ்சுது? மானம் பளிச்சுனு இருந்துச்சு. அதுல இடி எங்கிருந்து வரும்?"

"அப்பறம் ஏன் மாமா கேக்கல?"

"நீயா வந்து சொல்லுவியான்னு பார்த்தேன். இவ்வளவு நாளாகும்னு நெனைக்கல." ஒரு கட்டுச் சோளத்தட்டை அவர் கையில் கொடுத்தார். "சும்மா நிக்காதே, அந்தக் கட்டை வண்டியில போடு."

அதற்குப் பிறகு கடைக்கு வந்து எழுத உட்கார்ந்தார். ஜெயித்ததை எழுத ஒரு பஸ் பயணம் போதுமாக இருந்தது. தோற்றதை எழுத மூன்று நாள் ஆனது. ஒன்று முதல் முப்பத்தெட்டு வரை. தலைகீழ் ஒயரை எழுதினார். பதினேழை எழுதினார். அது யாருடைய பெட்டி, அவரிடம் என்ன பொய் சொன்னேன் என்பதையும் எழுதினார்.

இருபத்து மூன்றாவதை எழுதும்போது கொஞ்சம் தயங்கினார். அது தோல்வி என்றுகூடச் சொல்ல முடியாது. பதினேழில் செத்து மேசைமேல் கிடந்த பெட்டிக்கு, வேறு பெட்டி என்று நினைத்துக் கரண்ட் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான். "பச்சை விளக்கு இரண்டு தரம் மின்னி நின்றது, மறுபடி இரண்டு தரம் மின்னியது, அப்படியே மின்னிக்கொண்டிருந்தது, பயன் இல்லை" என்று எழுதினார். அசட்டுத்தனமாகத் தெரிந்தது. அழிக்கப் போனார். எண்ணெல்லாம் மாறிவிடுமே என்று விட்டுவிட்டார்.

போட்டார். கீழே ஜெபக்கனிக்குத் தனியாக ஒரு வரி சேர்த்தார். "தப்பு உன்மேல இல்லம்மா. நாலாவது படிக்குக் காரணம் பதினேழுல இருக்குது. அதை நான் மறைச்சுட்டேன். என் கையில ஒரு நல்ல பெட்டி இருக்குது, விலாசம் குடு, அனுப்பி வெக்கிறேன்."

குழுவில் முதலில் ஒருவர் எழுதினார்: "தலைகீழ் ஒயர் நானும்தாண்ணே. ரெண்டு நாளில்ல, ஒரு வாரம்." இன்னொருவர்: "நானும்." மூன்று மில்லி செகண்ட்காரர்: "நான் ரெண்டு தடவை." அந்த மத்தியானம் யார் யாரோ தலைகீழாக மாட்டிய ஒயர்களெல்லாம் வெளியே வந்தன.

ஜெபக்கனியிடமிருந்து மாலையில்தான் பதில் வந்தது.

"பெட்டி அனுப்ப வேண்டாம் அண்ணாச்சி. ரெண்டு நாள் பொறுங்க. இருவத்திமூணுல ஒரு வரி எழுதியிருக்கீங்க. எனக்கு அது சரியாப் படல."

அந்த வரியை அழித்தே இருக்கலாம் என்று சென்னியப்பன் நினைத்தார்.

*

இரண்டு நாள் கழித்து ஜெபக்கனி எழுதியது இது.

"தோற்ற வழிகள்: ஒன்று முதல் முப்பத்தெட்டு வரை, சென்னியப்பன் அண்ணாச்சி, காங்கேயம். முப்பத்தொன்பது, நான்.

ஜெயித்த வழி: ஒன்று, பேட்டரியை எடுக்காமல் பூட்டைத் தொட்டு, பெட்டியைச் சாக விடவும். இரண்டு, மறுபடி கரண்ட் கொடுத்து, பச்சை விளக்கு இரண்டிரண்டு தரம் மின்னும் வரை காத்திருக்கவும். மூன்று, புது ப்ரோகிராமை எழுதவும்.

காரணம்: பெட்டி சாகவில்லை. தன்னை அழித்துக்கொள்ளும்போது பூட்டையும் சேர்த்தே அழித்துவிடுகிறது. அந்த விளக்கு, என்னிடம் ஒன்றும் இல்லை, யாராவது ஏதாவது எழுதுங்கள் என்று கேட்கிற விளக்கு.

எங்கள் கிணற்றில் மோட்டார் ஓடுகிறது. அப்பா வீட்டிலிருந்து போட்டார்."

சென்னியப்பன் அதை நின்றபடியே படித்தார். மூன்று படி. சூடு வைக்க வேண்டாம், நான்கு மில்லி செகண்டை எண்ண வேண்டாம். கை நடுங்குகிறவர்கூடச் செய்யலாம்.

பரண்மேல் நாச்சிமுத்துவின் முதல் பெட்டி கிடந்தது. அதை இறக்கித் தூசி தட்டினார். கரண்ட் கொடுத்தார். பச்சை விளக்கு இரண்டு தரம் மின்னியது. நின்றது. மறுபடி இரண்டு தரம் மின்னியது. இத்தனை நாளாக அது அங்கே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. ப்ரோகிராமை எழுதினார். போனை எடுத்து அழைத்தார். டக்.

அதைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். நாச்சிமுத்து பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னப்பா, இடி எறங்கிருச்சா?"

"எறங்கிருச்சுங்க மாமா."

"யார் எறக்குனது?"

"சாத்தான்குளத்துல ஒரு புள்ளை."

"அங்க இருந்துக்கிட்டேவா?" என்றார் நாச்சிமுத்து. முதல் முறையாக, அந்தப் பெட்டியைப் பற்றி மேலே ஏதாவது சொல்வானோ என்று நின்று கேட்டார்.

சென்னியப்பன் சொன்னார். மாடு தண்ணிக்குக் கத்தியது. நாச்சிமுத்து அதை அதட்டிவிட்டு, "மேல சொல்லு" என்றார்.

*

சனிக்கிழமைக்குள் இருபது ஊரில் பெட்டிகள் பேசத் தொடங்கியிருந்தன. திறந்தவர்கள் ஒவ்வொருவரும் குழுவில் எழுதினார்கள். ஒவ்வொன்றின் மேலேயும் அந்த வரி இருந்தது. ஒன்று முதல் முப்பத்தெட்டு வரை, சென்னியப்பன் அண்ணாச்சி, காங்கேயம். கொங்கு நாட்டுக்காரர்கள்கூட அண்ணாச்சி என்பதை மாற்றாமல் அப்படியே போட்டிருந்தார்கள்.

குரு ஒரு போர்டைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துக் குனிந்திருந்தார். சென்னியப்பன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்னோட ஒம்பது படி இனி யாருக்கும் வேண்டாமுங்க குருவே."

"வேண்டாமுங்க."

"நாலு மில்லி செகண்டும்."

"அதுவுந்தான்."

"கொஞ்சம் இல்லைன்னாவது சொல்லலாமில்ல?"

"சொன்னா நம்புவீங்களா?"

சென்னியப்பன் சிரித்துவிட்டார். "நேத்துத் தாராபுரத்துக்காரர் ஒருத்தர் பெட்டியைத் தூக்கிட்டு வந்தாருங்க. நீங்களே திறந்துக்கலாம்னு மூணு படியையும் சொல்லிக் குடுத்து அனுப்பிட்டேன். பஸ் ஏறிட்டுப் போன் பண்றாரு. அண்ணா, விளக்கு மின்னுதுங்கறாரு. பஸ்ஸுலயே ஆரம்பிச்சுட்டாரு."

"பஸ்ஸுல கரண்ட் எங்க புடிச்சாரு?"

"அதைக் கேக்கல. இனிமேல் கேக்கோணும்."

குரு தலையைத் தூக்காமலே சிரித்தார்.

சென்னியப்பன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கைகளை இப்போது அவருக்குப் பிடித்திருந்தது.

"அந்தப் புள்ளையோட மூணு படியைப் படிச்சப்ப வயிறு எரியும்னு நெனைச்சேனுங்க. எரியல. கடையை விட்டு வெளிய வந்து, ரோட்டுல போறவனைக் கூப்பிட்டுச் சொல்லோணும் போல இருந்துச்சு. பாருடா, எங்காளு எப்படித் திறந்திருக்குது பாருன்னு. ஆனா ஒண்ணுதான் உறுத்துது."

"என்னங்கண்ணா?"

"அந்த விளக்கு எங்கண்ணு முன்னால மின்னுச்சு. நான் பார்த்துட்டுச் சும்மா இருந்தேன். என்னன்னு புரியல. புரியாததை எதுக்கு எழுதி வெச்சேன்னும் புரியல. அழிக்கத்தான் போனேன்."

குரு சால்டரிங் அயர்னின் முனையை ஈரப் பஞ்சில் துடைத்தார். உஸ் என்று ஆவி எழும்பி அடங்கியது.

"புரிஞ்சதை மட்டுமே எழுதறதுன்னா, அறுநூறு பேர் எதுக்குங்கண்ணா?"